மரியதாஸ் அண்ணை ஒரு குறியீடு அல்ல

செவ்வாய்க்கிழமை காலை ஹவுன்ஸ்லோவில் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மரியதாஸ் அண்ணை மருந்துக்கடை வரிசையில் நின்றபடியே சரிந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. அதன் கீழே யாரோ பதற்றத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை அழுத்தியிருந்தார்கள். நான் அந்தச் செய்தியை மரியதாஸ் அண்ணைக்கே அனுப்பி, "இது ஆரின்ர பகிடி?" என்று கேட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அதன் பிறகும் பதிலுக்குக் காத்திருந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. விமான நிலையச் சரக்குப் பகுதியில் அவருடன் வேலை செய்த பிலிப்பினோ நண்பர் ஒருவர், ஸ்பானியர் ஆண்ட காலத்தைப் பற்றிய தன் நாட்டு நாவலை ஷிப்ட் இடைவேளைகளில் சொல்லியிருக்கிறார். அண்ணை புத்தகத்தைத் தேடி வாங்கினார். எங்கள் எட்டுப் பேரையும் சேர்த்து வாசகர் வட்டம் தொடங்கினார். கத்தோலிக்கக் குருமாரை அவ்வளவு மோசமாகக் காட்டும் நாவலைப் படிக்க, பங்குத் தந்தையிடமே மண்டபப் பூட்டின் திறப்பை வாங்கி வந்தவர் அவர்.

அங்கே நான், நாவலில் எவர் எதன் குறியீடு என்று ஒரு அட்டவணை வாசித்தேன். கொழுத்த குரு என்றால் அதிகாரம். தொலைந்த பிள்ளைகளைத் தேடிச் சித்தம் கலங்கும் தாய் என்றால் தாய்நாடு. எல்லோரும் தலையாட்டினார்கள். எதையும் தாய்நாடு என்று சொல்லிவிட்டால் எங்கள் கூட்டங்களில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

"தம்பி, அந்தப் பிள்ளையளின்ர பேர் என்ன?" என்றார் அண்ணை.

எனக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் இருந்து பிலோ அக்கா இரண்டு பெயர்களையும் சொன்னார். அவருடைய மகன் மன்னாரில் காணாமற்போனவன். "பேர் தெரியாமல் எப்பிடித் தேடுறது?" என்று மட்டும் கேட்டார். நான் அட்டவணையை மடித்துவிட்டேன்.

முகம் நிறையப் பவுடர் பூசி, தன்னை ஸ்பானியச் சீமாட்டியாக நினைத்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றிப் படித்த நாளில் மண்டபமே சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை.

"நான் வேலைக்குப் போன காலம் முழுக்க நெஞ்சில டோனி எண்டு பேர்ப் பட்டி குத்திக்கொண்டு திரிஞ்சனான். சிரிக்கிறவை தங்கட வேலைப் பேரையும் ஒருக்காச் சொல்லுங்கோ."

எங்கள் செயலாளரின் வேலைப் பெயர் ஸ்டீவ். அவர் தேத்தண்ணி எடுக்க எழுந்து போனார்.

அண்ணையை அடக்கம் செய்த மறுநாள், முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பின் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்காக, நாங்கள் கல்வெட்டு என்று சொல்வோமே, அதற்காக அவர் வீட்டில் கூடினோம். எதையும் குறியீடாக்காதே என்று சொன்ன மனிதருக்கு நாங்கள் அரை மணி நேரத்தில் பண்பின் சிகரம், இலக்கிய இமயம், தமிழின் தூண் என்ற மூன்று பட்டங்களைக் கொடுத்திருந்தோம். தூண் என்னுடையது.

அண்ணையின் மனைவி ரெஜினா அக்கா தாளை வாங்கிப் படித்தார்.

"தூணோ? குசினிக் கதவுப்பிடி கழண்டு மூண்டு வருசம். அதைப் பூட்டித் தராத மனுசன்."

"அக்கா, கல்வெட்டு எண்டால் ஒரு மரியாதை இருக்கவேணும்" என்றார் செயலாளர்.

"ஓம், இருக்கட்டும். ஆனா நாளைக்கு இதைப் படிக்கேக்க எனக்கு இவர் ஆரெண்டு தெரியவேணும். நீங்களும் அவரை என்னட்ட இருந்து எடுத்துப் போடாதேங்கோ."

அவர் குரல் உயரவில்லை. எங்களால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூன்று பட்டங்களையும் வெட்டினேன். அவர் கோபக்காரர், பிரசங்கத்தில் நித்திரை கொள்வார், நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பார், தோற்ற விவாதத்தை அடுத்த மாதம் திரும்பத் தொடங்குவார் என்று எழுதிக் கொடுத்தேன். அச்சுக்குப் போகுமுன் செயலாளர் எனக்குப் போன் எடுத்தார்.

"இதை வாசிச்சால் சனம் என்ன சொல்லும்?"

"மரியதாஸ் அண்ணை எண்டு சொல்லும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. "சரி, போடுங்கோ" என்றார்.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கூச்சம். யாரைப் பற்றியாவது எழுதும்போது பெரிய சொல் கைக்கு வந்தால் பேனா தயங்குகிறது. இந்தப் பக்கத்திலும் பல இடங்களில் தயங்கியது. ஒவ்வொரு தடவையும் அவரிடமே கேட்கலாம் என்று நினைத்து, அவர் இறந்துவிட்டார் என்பதை நான் புதிதாகக் கேள்விப்பட்டேன்.