முள் இல்லாத கடிகாரம்

விழுப்புரம் ஜங்ஷனில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அவித்து விற்ற வெள்ளையம்மாள் இரண்டு தடவை வெளிநாடு போய்வந்தாள். இரண்டு தடவையும் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட்டாள். 1952ஆம் வருஷம் அது. புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. ரயிலேறினால் கொஞ்ச தூரம்தான். நடுவில் ஓர் எல்லை, சுங்கச் சோதனை, அதைத் தாண்டினால் வேறு கொடி.

அவள் புருஷன் முருகையன் தண்டவாள வேலைக்காரன். விடியற்காலை நாலு மணிக்கு எழவேண்டியவன், இடி விழுந்தாலும் எழ மாட்டான். மேஸ்திரியிடம் திட்டு வாங்கி வாங்கி மனம் வெறுத்துப்போய், "ஒரு அலாரம் கடியாரம் வாங்கிடலாம்மே" என்றான். சீமைச் சாமான் புதுச்சேரியில்தான் நயம் என்று பிளாட்பாரத்தில் பேச்சு. ரயில்வே பாஸும் இருந்தது. இருவரும் கிளம்பினார்கள்.

வெள்ளையம்மாளை ஏமாற்றுவது லேசில்லை. வியாபாரத்தில் பழுத்தவள். வண்டி நின்றதும் ஜன்னலுக்குள் கையை விட்டு, நாலு மல்லாட்டையைப் பயணியின் உள்ளங்கையில் திணிப்பாள். "துன்னு பாருங்க, வாங்க வேணாம்." தின்றவர் வாங்காமல் போவது அபூர்வம்.

அப்படிப்பட்டவள் புதுச்சேரிக் கடைத்தெருவில் கால் வைத்ததும் ஓர் ஆள் குறுக்கே வந்து, "பொன்ழூர், மதாம்!" என்று குனிந்தான். அவள் திடுக்கிட்டாள்.

"என் பேரு வெள்ளையம்மா. நீ வேற யாரையோ தேடிக்கினு இருக்கிற."

"மதாம்னா அம்மான்னு அர்த்தம். உள்ள வாங்கம்மா. பாத்தா போதும், வாங்க வேணாம்."

தினமும் தான் சொல்லும் வார்த்தை அடுத்தவன் வாயிலிருந்து வந்ததும் அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் எதிர்க்கடை ஆள் அவள் பையின் ஒரு காதைப் பிடித்து, "அங்க பூந்தா பேஜாருதான், இப்பிடி வாங்க" என்று இழுத்தான். முதல் ஆள் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டான். முருகையன் எங்கே என்று பார்த்தாள். அவன் பத்தடி தள்ளி, யாரோ மாட்டிவிட்ட கம்பளிக் கோட்டைக் கழற்றத் தெரியாமல் வேர்த்து வழிந்துகொண்டு நின்றான். சித்திரை மாதம்.

பை கிழிந்துவிடும் என்ற பயத்தில் முதல் கடைக்குள் நுழைந்தாள். முதலாளி சின்னதுரை ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். கேட்காமலே சோடா வந்தது. குடித்தால் மாட்டிக்கொள்வோம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் குடித்தாள். அப்புறம் எழுந்து போக முடியவில்லை.

வாசனைத் தைலம், லேஸ், பீங்கான் நாய் என்று ஒவ்வொன்றாக அவள் மடிக்கு வந்தன. வேண்டாம் என்றால், "சரி, வேணாம். சும்மா கையில புடிச்சுப் பாருங்க" என்றார். கடியாரம் என்று நாலைந்து தடவை சொன்ன பிறகு, கோபுரம்போல மேலே குறுகிய ஒரு மரப்பெட்டியை எடுத்துவைத்தார். பக்கத்துச் சாவியைத் திருகியதும் நடுவிலிருந்த கம்பி இடமும் வலமுமாக ஆடியது. டக், டக், டக்.

"முள்ளு எங்கங்க?"

"பிரான்சுல இப்பல்லாம் முள்ளு வைக்கிறதில்லம்மா."

பொய் என்றும் பட்டது, இருக்கலாம் என்றும் பட்டது. வெளியே வந்தபோது பெட்டி அவள் கையில் இருந்தது. எந்த நிமிஷத்தில் தலையாட்டினாள் என்பது அவளுக்குக் கடைசிவரை ஞாபகம் வரவில்லை.

எல்லையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"கடியாரங்க."

"இப்ப மணி என்ன?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். "தெரியலீங்க."

அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். கடிகாரத்துக்கு உண்டான வரியா, விளையாட்டுச் சாமானுக்கு உண்டானதா என்று அவர்களுக்குள் வாக்குவாதம். இன்ஜின் ஊதியதும், "மரப்பெட்டி ஒன்று" என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் முருகையன் கம்பியிலிருந்த சின்னக் குண்டைக் கீழே இறக்கிப் பார்த்தான். சத்தம் விரைந்தது. "நேரம் ஜல்தியா ஓடுதும்மே!" என்று பயந்துபோய் மறுபடி மேலே ஏற்றினான். அந்த டக் டக்கில் இருவருக்கும் நல்ல தூக்கம் வந்தது. விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார்கள்.

அடுத்த வாரம் அவள் மட்டும் போனாள், வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு. சின்னதுரை பழையபடி ஸ்டூல் போட்டார். சோடாவை அவள் தள்ளிவைத்தாள்.

"நெசத்தச் சொல்லுங்க. இது இன்னா?"

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கும் தெரியாதும்மா. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரைசானி வீட்டுச் சாமானோட வந்துது. அங்க பியானோ மேல இருந்துதாம், பாட்டுக்குத் தாளம் தட்டுற மாதிரி. சாவி இருக்குது, ஓடுது. கடியாரம்னு நெனச்சேன். நீங்க முள்ளக் கேட்டதும் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. இரண்டு பேருமாக அதைக் கல்லாமேல் ஓடவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவரே பணத்தை எண்ணாமல் கொள்ளாமல் திருப்பிக் கொடுத்தார். கைக்கு வந்த பிறகு அவள் சோடாவைக் குடித்தாள். நல்ல மனுஷனா, புரட்டுக்காரனா? ரயில் விழுப்புரம் வந்து சேரும்வரை அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

அலாரம் கடிகாரத்தை விழுப்புரத்திலேயே வாங்கினாள். அந்தக் கடைக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அலாரம் கடியாரம் இருக்குதுங்களா?"

விரல் அலமாரியைக் காட்டியது.

"நல்லா ஓடுங்களா?"

"ஓடும்."

அவ்வளவுதான். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று அவள் காத்திருந்தாள். விற்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்றே புரியவில்லை. தானே எடுத்து, தானே துடைத்து, வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாளிலிருந்து முருகையன் நாலு மணிக்கு எழுந்தான். பக்கத்து வீட்டு அம்சா, "புதுச்சேரி எப்பிடிக்கா இருக்குது?" என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டாள். வெள்ளையம்மாள் மல்லாட்டையை அலசிக்கொண்டே சொன்னாள்:

"நம்ம பேச்சுதான் பேசுறாங்க. ஆனா ஒண்ணும் வெளங்கல."