எது முதல் அட்டை?

பழைய பேஸ்பால் அட்டைத் தொழிலில் முதலில் வந்ததெல்லாம் முதல் ஆகிவிடாது. முதல் என்று நாலு பேர் ஒத்துக்கொண்டதுதான் முதல். இது மண்டையில் ஏறுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி குடோனுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்காவில் பழைய அட்டைகள் விற்கும் கடைக்காரர் ஒருவர் அவற்றைப் படம் பிடித்து அனுப்புவார். அந்தக் காலத்தில் சூயிங்கம், சிகரெட் பாக்கெட்டுகளுக்குள் ஆட்டக்காரர் படம் போட்டு வைத்த உள்ளங்கை அளவு அட்டைகள். பெயர், ஆண்டு, மூலை மடங்கியிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று எல்லாவற்றையும் நாங்கள் டைப் செய்ய வேண்டும். கடைசியில் ‘ரூக்கி கார்டு’ என்று ஒரு கட்டம். அந்த ஆட்டக்காரரின் முதல் அட்டை இதுதானா? ஆமாம் என்றால் டிக். அட்டையின் மதிப்பே அந்த டிக்கில்தான். நானோ பேஸ்பாலைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் கான்வென்ட்டில் த்ரோபாலோடு சரி.

கைப்பிள்ளையை விட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிற அம்மாமார்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். என் பாப்பாவுக்கு ஒரு வயது தாண்டியும் நடை வரவில்லை. பகலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மதினியின் தையல் கடையில் இருக்கிறாள். மதினி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. டாக்டர், “கொஞ்ச நாள் பொறுங்கம்மா” என்றார். எனக்கு இரண்டு பயம். ஒன்று, நடக்காமலே போய்விடுவாளோ. இன்னொன்று, நடக்கிற அன்றைக்கு நான் ராஜபாளையத்தில் எவனோ ஒருவனுடைய முதல் அட்டையைத் தேடிக்கொண்டிருப்பேனோ. அவள் தூங்கிய பிறகு, அந்தக் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முந்தி வந்தது முதல் இல்லை

சேர்ந்த புதிதில் ஒரு இளைஞனின் அட்டை வந்தது. தொப்பி காதுவரை இறங்கிய, மீசை அரும்பாத முகம். இதே ஆளின் இன்னொரு அட்டையும் இருந்தது; அது அடுத்த வருடத்தது. முந்தியதுதானே முதல்? கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு தடவை சரிபார்த்து, நம்பிக்கையோடு டிக் போட்டேன்.

மறுநாள் காலையில் கடைக்காரரிடமிருந்து மெயில். எல்லாம் பெரிய எழுத்தில். அந்த முந்திய அட்டை, அவன் சின்ன ஊர் அணியில் ஆடியபோது வந்ததாம். அதில் சிரிப்பது அவனே, அச்சடித்ததும் அவனையே, ஆனாலும் சேர்த்தி இல்லையாம். “பிறந்த பிள்ளையைப் பிறக்கவில்லை என்று சொல்வது மாதிரி இருக்கிறதே” என்று பக்கத்து சீட் ரஹ்மத்தக்காவிடம் புலம்பினேன். மெயிலின் கடைசி வரி இதுதான்: “பெரிய லீக் அவனைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் இல்லை, மேடம்.”

தன்னைத்தானே புதுசு என்றவர்

அடுத்த அதிர்ச்சி நேர் எதிரானது. ஒரு அட்டையில் ‘ரூக்கி’, அதாவது புது ஆள், என்றே பெரிதாக, மஞ்சள் நட்சத்திரத்துக்குள் அச்சடித்திருந்தது. இதைவிடச் சாட்சி வேண்டுமா? டிக் போடப் போனேன். ரஹ்மத்தக்கா என் மவுஸைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அந்த ஆட்டக்காரருக்கு அதற்கு முந்தின வருடமே ஒழுங்கான அட்டை ஒன்று வந்துவிட்டதாம். கம்பெனிக்காரன் ஆசைக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறான். அதனால் இது ரூக்கி கார்டு இல்லை.

“அக்கா, அட்டையே சொல்லுதே!” என்றேன். அவர்கள் வீட்டுக்காரருக்கு பஜாரில் பாத்திரக் கடை. சிரிக்காமல் சொன்னார்கள்: “எங்க எதுத்தாப்புல ஒருத்தரு ‘புதுக்கடை’ன்னு போர்டு வச்சாரு, அவரு பேரனுக்கே இப்ப பொண்ணு பாக்குறாவ, போர்டு அப்படியேதான் தொங்குது.”

ஒரு அட்டை, இரண்டு முகம்

சில வருடங்களில் கம்பெனிக்காரர்களுக்கு சிக்கனம் வந்துவிட்டது. புது ஆட்டக்காரர்கள் இரண்டு பேரை ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். ஒருவர் பின்னால் பெரிய ஆள் ஆகிவிடுவார். மற்றவர் கொஞ்ச நாளில் காணாமல் போய்விடுவார். அட்டையைப் பெரிய ஆள் பெயரில்தான் பதிய வேண்டும். எனக்கு யார் பெரிய ஆள் என்று எப்படித் தெரியும்? கான்வென்ட் அட்டெண்டன்ஸ் மாதிரி அகரவரிசையில் போட்டேன். காணாமல் போனவர் பெயர் முன்னால் வந்துவிட்டது.

எங்கள் மேனேஜர் வெங்கட் சார் வீட்டில் தெலுங்கு, ஆபீஸில் தமிழ். கோபம் வந்தால் மட்டும் ஆபீஸிலும் தெலுங்கு. “தேவுடா!” என்று தலையில் கை வைத்தார். “அந்தப் பேர்ல எவன்மா தேடுவான்? யாருமே தேட மாட்டான்!” வேலை போயிற்று என்று டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தே விட்டேன்.

சாயங்காலத்துக்குள் ஒரு பெண் தேடிவிட்டாள். காணாமல் போனவரின் மகள். வாங்கிக்கொண்டு, கடைக்காரருக்கு எழுதியிருந்தாள். அவர் அதை எந்த வார்த்தையும் சேர்க்காமல் எங்களுக்கு அனுப்பிவைத்தார். வெங்கட் சார் படித்துவிட்டு மானிட்டரை என் பக்கம் திருப்பினார். அந்தப் பெண் எழுதியது: “எல்லாக் கடையிலும் அப்பாவை அடுத்தவருக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்கள், இன்றைக்குத்தான் அவர் பெயரில் தேடி அவரே கிடைத்தார்.”

ஒரு ஊரோடு போன அட்டை

ரொட்டி பாக்கெட்டோடு கொடுத்த அட்டைகள் என்று ஒரு வகை. ஒரே ஊரில், ஒரே ரொட்டிக் கம்பெனி கொடுத்தது. பெரிய லீக் ஆட்டக்காரர்தான், வருடமும் முந்தியதுதான். ஆனாலும், நாடு முழுக்க விற்காத அட்டை ரூக்கி கார்டு ஆகாது என்று பாதிப் பேர். ஆகும் என்று மீதிப் பேர். இரண்டு வாடிக்கையாளர்கள் எங்கள் தலைக்கு மேலே மெயிலில் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் இன்னொருவரைத் திருடன் என்றார். ஒரு ரொட்டி அட்டைக்காக! நான் அரண்டு போய், கடைக்காரர் சொன்னபடி டிக்கை எடுத்தேன். பிறகு அவரே சொல்லி மறுபடி போட்டேன். பிறகு மறுபடி எடுத்தேன்.

அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி மதினி கடைக்கு ஓடினேன். வழக்கம்போல வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, தரையில் துண்டுத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பாப்பாவை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பிறகுதான் மூச்சு வந்தது. “இன்னைக்காச்சும் எந்திரிச்சு நின்னாளா மதினி?” என்று கேட்டேன். அவர்கள் வாயில் குண்டூசி. தலையை மட்டும் எப்படியோ ஆட்டினார்கள். நான் ரொட்டி அட்டைக் கதையைப் புலம்பி முடித்தேன். மதினி குண்டூசியை எடுத்துவிட்டுக் கேட்டார்கள்: “அப்ப ஒரு ஊரே பாத்திருந்தாலும், பாக்க வேண்டியவ பாக்கலைன்னா அது முதல் இல்ல, அப்படித்தான?”

ஏன் கேட்டார்கள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நைட்டி வாங்க வந்தவர்

நேற்று சாயங்காலம். பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்த நேரம், வத்திராயிருப்பிலிருந்து ஒரு அம்மா தைத்த நைட்டியை வாங்க வந்தார். பாப்பா கன்னத்தைக் கிள்ளி, “ஏட்டி, அன்னைக்கு என் சேலையப் புடிச்சிக்கிட்டு எம்புட்டு நடை நடந்த! இன்னைக்கு அம்மா வந்ததும் இடுப்பா?” என்றார்.

கடையில் மிஷின் நின்றது. காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண் குனிந்துகொண்டாள்.

“மதினி, பாப்பா நடக்காளா?”

“நடக்கா.”

“எப்ப இருந்து?”

“அது ஆச்சு போன வாரம். கட்டிங் டேபிள்ல இருந்து மிஷினுக்கு, மிஷின்ல இருந்து வாசலுக்கு. வாரவங்க போறவங்க கிட்ட எல்லாம் உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். இந்தம்மா வெளியூரு, இவங்ககிட்ட வாங்க விட்டுப்போச்சு, மாட்டிக்கிட்டேன்.”

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. டாக்டரிடம் ஓடினேனே, தினமும் காலைத் தடவிப் பார்த்தேனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மதினி கத்தரிக்கோலை டேபிளில் வைத்தார்கள். “சொன்னா, நீ பாக்கலையேன்னு அழுவ. சரி, நீ வரும்போது உன்னப் பாத்து நடக்கட்டும்னு தெனம் அவளைத் தரையில விட்டு வச்சுப் பாக்கேன். நீ எங்க விட்ட? வந்ததும் பருந்து கணக்கா தூக்கிருத, வீட்டுலயும் இடுப்ப விட்டு எறக்குறதில்ல. அவ எப்ப நடக்க?”

பாப்பாவைக் கட்டிங் டேபிள் பக்கத்தில் இறக்கிவிட்டு, வாசலுக்குப் போய் நின்றேன். கை தானாக நீண்டது. மதினி கண்ணாலேயே அதட்டினார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பாப்பா டேபிள் காலைப் பிடித்து எழுந்து, என்னைத் தூக்கச் சொல்லிச் சிணுங்கினாள். நான் அசையவில்லை. அவ்வளவு நேரம் அசையாமல் நின்றது என் வாழ்க்கையில் கிடையாது. பிறகு பிடியை விட்டாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து, துண்டுத் துணிகளை மிதித்து, வந்தாள். என் டிபன் பையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள், என்னைப் பிடிக்கவில்லை.

வத்திராயிருப்பு அம்மா கைதட்டினார். “நான் அன்னைக்கே பாத்தேம்லா!” என்று ஆரம்பித்தவரை மதினி நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்கள்: “கடையில நடந்ததெல்லாம் ரொட்டி அட்டை, அது எங்க தெருவோட போச்சு, இதுக்கு டிக் போடு.”

அமெரிக்காக்காரர்களின் முதல் எது என்று பகலெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிட்டு, சொந்தப் பிள்ளையின் முதலைத் தெருவே பார்த்து முடித்த பிறகு கடைசி ஆளாக வந்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல் டிக் போட்டவள் நான்.