மூன்று விரல் கை

மெர்லின் பொய் சொல்ல மாட்டாள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எடைமேடைச் சீட்டு போடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக லாரிக்காரர்கள் கெஞ்சியும் பார்த்துவிட்டார்கள், மிரட்டியும் பார்த்துவிட்டார்கள். ஒரு கிலோவைக் கூட்டுவதோ குறைப்பதோ அவளிடம் நடந்ததில்லை. "கண்ணால பார்த்ததத்தான் எழுதுவேன், போ" என்பாள். இந்தக் கர்வம் அவளுக்கு ஐந்து வயதிலேயே வந்துவிட்டது. கோர்ட்டில் ஸ்டூல் போட்டு ஏற்றிவிட்டு, அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டபோது, அழாமல் திக்காமல் அப்பாவை நோக்கிக் கையை நீட்டினாள்.

"நைனா கை அம்மா கழுத்தப் புட்ச்சுது. அம்மா கண்ணு பெர்சாச்சு. மணி அடிச்சுது."

அவள் அப்பா ஜார்ஜ் ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். கப்பல் கயிற்றில் சிக்கி வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் போய்விட்டன. ஒருநாள் விடியற்காலையில் அவர் மனைவி சிலுவையம்மாள் கடலோரக் கற்களுக்கு நடுவே செத்துக் கிடந்தாள். கழுத்தில் வலைக்கயிறு சுற்றியிருந்தது, கயிற்றுத் தடமும் இருந்தது. கக்கூஸ் இல்லாத தெருவில் பெண்கள் இருட்டோடு இருட்டாகக் கற்களுக்குப் போய்வருவது வழக்கம். வழுக்கி விழுந்திருப்பாள் என்று ஜார்ஜ் சொன்னார். ஆனால் முந்தின நாள் புருஷன் பெண்டாட்டி போட்ட சண்டையைத் தெருவே கேட்டிருந்தது. வீட்டிலேயே கொன்று கொண்டுபோய்ப் போட்டுவிட்டார் என்றது போலீஸ். குழந்தை சொன்ன மணி, முதல் பூசைக்கு அடிக்கிற கோயில் மணி என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நேரம் சரியாகப் பொருந்தியது. அம்மா என்ன கலர் புடவை என்று கேட்டதற்குக் குழந்தை வெள்ளை என்றது. செத்தவள் கட்டியிருந்தது பச்சை. இருட்டில் குழந்தைக்கு நிறம் எப்படித் தெரியும் என்று சர்க்கார் வக்கீல் ஒரே வரியில் அதை முடித்துவிட்டார். ஆயுள் தண்டனை.

மெர்லினைச் சித்தி கரோலின் வளர்த்தாள். அந்தக் காட்சியும் கூடவே வளர்ந்தது. மழை வழிகிற கண்ணாடி ஜன்னல், மூன்று விரல், அம்மாவின் வளையல் உடைந்து தரையில் சிதறுவது. அதில் நிறமே கிடையாது. பயத்தில் நிறம் போயிருக்கும் என்று அவளே ஒரு சமாதானம் வைத்திருந்தாள். இத்தனை தெளிவாகத் தெரிகிற ஒன்றைச் சந்தேகப்பட அவளுக்கு என்ன வந்தது?

பதினான்கு வருடம் கழித்து ஜார்ஜ் வெளியே வந்தார். காலடிப்பேட்டையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு வாட்ச்மேன் வேலை பார்த்தார். மகளின் கல்யாணத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மருமகன் சைமனிடம் ஒரு பிளம் கேக் கொடுத்தனுப்புவார். மெர்லின் அதைப் பொட்டலம் பிரிக்காமல் யார்டுக்குக் கொண்டுபோய் நாய்களுக்குப் போட்டுவிடுவாள். சைமன் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நல்ல மனுஷன். அவனுக்கு இருக்கிற ஒரே பைத்தியம் பழைய சினிமா.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, கறிக்குழம்பும் முடிந்த மத்தியானம். பேசின் பிரிட்ஜ் பக்கம் பழைய சாமான் விற்பவனிடம் வாங்கிவந்த டிஸ்க் ஒன்றைச் சைமன் போட்டான். அட்டை கிழிந்து படத்தின் பேர் பாதிதான் தெரிந்தது. ஊரிலேயே நல்லவனாக நடமாடும் ஒரு டாக்டர், அவனுக்குள் இன்னொருத்தன், அந்த இன்னொருத்தனுக்கு மட்டும் இரண்டு விரல் கிடையாது. கறுப்பு வெள்ளைப் படம். மெர்லின் வெங்காயம் உரித்துக்கொண்டே அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை வழிகிற கண்ணாடி ஜன்னல் வந்தது. வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி திரும்பினாள். மூன்று விரல் கை அவள் கழுத்துக்கு வந்தது. அவள் கண் பெரிதானது. வளையல் உடைந்து தரையில் சிதறியது. சுவர்க்கடிகாரம் மணி அடித்தது.

"உங்க நைனா கை மாதிரியே கீதுல்ல?" என்றான் சைமன், அவள் மனசில் இருக்கிற காட்சி தெரியாமல்.

மெர்லின் ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தாள். ஏழு தடவை பார்த்தாள். ராயபுரத்து வீட்டில் கண்ணாடி ஜன்னல் ஏது? ஓலைத் தட்டிதானே. கடிகாரம் ஏது? அவள் அம்மா ஒரு நாளாவது கண்ணாடி வளையல் போட்டிருப்பாளா, மீன்கூடை தூக்குகிறவள்? நாற்பத்துநாலு வருடமாக இந்தக் கேள்விகளெல்லாம் எங்கே போயிருந்தன?

கரோலினுக்குப் போன் போட்டாள். சித்தி மறைக்கவில்லை, அது ஒன்றுதான் அவளிடம் நல்லது.

"ஆமாடி, அது உங்கப்பன் கைதான். கோடவுன்ல ஷூட்டிங் வந்தாங்கோ. ஆக்டருக்குத்தான் அஞ்சு வெரலும் கீதே, அதுக்கு இவன் கைய எடுத்துக்கினாங்கோ. உன்னத் தோள்ல ஒக்கார வெச்சிகினு சினிமாக் கொட்டாய்க்குப் போயிக் காட்டினான். தெருவே போயி விசிலடிச்சோம்."

"கோர்ட்டுல ஏன் சொல்லல சித்தி?"

"உங்கப்பன் வக்கீலு சொன்னாரே. படத்தக் கொண்டான்னாங்கோ. ஒம்போது நாள்ல தூக்கிட்ட படம், பிலிம் பொட்டி எங்க போச்சோ யாருக்குத் தெரியும். நாங்களும் அந்தக் கையப் பார்த்துட்டு வந்தவங்கதான். அக்கா செத்துட்டான்னதும் எங்க எல்லாருக்கும் மொதல்ல அந்தக் கைதாண்டி ஞாபகம் வந்துச்சு."

மறுநாள் மெர்லின் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலடிப்பேட்டைக்குப் போனாள். ஒரு வயதான ஆள் வாசலில் குந்தியபடி மூன்று விரலால் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இழுத்து இழுத்து மூச்சு விட்டார். அவளைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வலது கையை லுங்கிக்குள் மறைத்துக்கொண்டார்.

"அந்தப் படத்தப் பார்த்துட்டேன் நைனா."

"இன்னா படம்?"

"உன் கை நடிச்ச படம்."

அவர் முகம் செத்துப்போனது. சந்தோஷப்படுவார் என்று நினைத்து வந்திருந்தாள். "எவன் காட்டினான் உனக்கு?" என்று கோபமாகக் கேட்டார்.

அவள் அவர் தலைக்கு மேலாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். டிவிக்குப் பக்கத்தில், மாதா படத்துக்குக் கீழே, அதே டிஸ்க் இருந்தது. அட்டை கிழியாமல், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார்.

"இது எப்போலேர்ந்து உங்கிட்ட கீது?"

"பன்னெண்டு வருசம் இருக்கும்."

"பன்னெண்டு வருசமா வெச்சிகினு சும்மா குந்திகினு இருந்தியா? சைமன்கிட்ட ஒரு தபா குடுத்தனுப்பக் கூடாதா? நான் உன்ன... உன்ன நான் இன்னான்னு நெனச்சிகினு இருந்தேன் தெரியுமா?"

"தெரியும்." ஜார்ஜ் இருமினார். இருமி முடிகிறவரை அவள் நின்றாள். "வாங்கின அன்னிக்கு உன் வூட்டாண்ட வரைக்கும் வந்தேம்மா. நீ மாடில துணி காயப் போட்டுகினு இருந்த. நல்லாத்தான் இருந்த. திரும்பிட்டேன்."

"ஏன்?"

"நீ பொய் சொல்லல. கண்ணால பார்த்ததத்தான் சொன்ன. ஆனா அத்த இப்ப தெரிஞ்சிகினா நீ எப்டித் தூங்குவ? எனக்கு ஜெயிலுக்குள்ள இருந்து பயக்கம். உனக்கு இன்னாத்துக்கு? ஒரு வூட்ல ஒருத்தர் உள்ள இருந்தது போதாதா?"

மெர்லின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். பதினான்கு வருடத்துக்கும் அதற்குப் பிறகு போன முப்பது வருடத்துக்கும் சேர்த்துக் கேட்க என்ன வார்த்தை இருக்கிறது? லுங்கிக்குள் இருந்த கையை வெளியே இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இத்தனை வருடமாகக் கேட்கக் காத்திருந்த கேள்வி போலிருக்கிறது, ஜார்ஜ் ரொம்பக் கூச்சத்தோடு கேட்டார்.

"வருசா வருசம் கேக்கு குடுத்தனுப்பினேனே. துன்னியாம்மா?"

எடைமேடையில் ஒரு கிலோவுக்கும் பொய் எழுதாத மெர்லின், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"துன்னேன் நைனா. ஒரு வருசம் வுடாம துன்னேன். நல்லா இருந்துச்சு."