அருளப்பு அண்ணையின் பேய்ப் புத்தகங்கள்

போன கிழமை ஒரு புத்தகக் கடையில் அந்தத் தொகுதியைப் பார்த்தேன். பழைய அமெரிக்கப் பேய்ச் சித்திரக்கதை இதழ்களை எல்லாம் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு, வழுவழுத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். புத்தகத்தை வாசிக்க முன்னர் முகர்ந்து பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இதில் மை வாசனை மட்டும்தான். அருளப்பு அண்ணையின் இதழ்களில் மெழுகு மணக்கும்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நாங்கள் லாசால் என்கிற புறநகரில் ஒரு மெழுகுதிரித் தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவர் மன்னார்க்காரர், அகதி வழக்கு முடியாமல் இருந்தவர். பழைய புத்தகக் கடைகளில் இந்த இதழ்களின் மலிவான மறுபதிப்புகளைத் தேடி வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குத் தமிழில் கதை சொல்வார். எந்தக் கதையிலும் கொலை செய்தவன் தப்பமாட்டான். செத்தவன் மண்ணைக் கிண்டிக்கொண்டு எழும்பி வருவான்.

அந்த இதழ்களின் வரலாறும் அவருக்குத் தலைகீழாகப் பாடம். பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று பெற்றோரும் பாதிரிமாரும் கொதித்தது, சில ஊர்களில் குவித்து எரித்தது, செத்தவர் எழுந்து நடக்கக் கூடாது என்று பதிப்பாளர்களே விதி எழுதிக்கொண்டது, அதோடு இதழ்கள் நின்றுபோனது. இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

“கடதாசியில கீறின பிணத்துக்குப் பயந்து எரிச்சிருக்கிறாங்கள்,” என்பார்.

நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது கிணற்றுக் கதையை. சீருடைக்காரர் ஓர் இளைஞனைக் கொன்று, அவன் வீட்டுக் கிணற்றிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். மூன்றாம் நாள் அவன் ஏறி வந்து, காட்டிக்கொடுத்தவனின் கதவைத் தட்டுகிறான், இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சாரத்தோடு. அமெரிக்கப் பிணத்துக்குச் சாரம் கட்டிவிட்டாரே என்று புரையேறச் சிரிப்போம். நீங்களும் சிரித்திருப்பீர்கள். பிறகு அந்தத் தண்ணீரை யார் குடித்தார்கள் என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன்.

“மூண்டு நாள் இறைச்சும் மணம் போகேல்லை. மூடிப்போட்டினம்,” என்றார்.

அவருடைய வக்கீலுக்குப் பிரெஞ்சுதான் வசதி. வாக்குமூலம் எழுத, மொழிபெயர்த்து உதவ நான் போனேன். அவருடைய தம்பிக்கு என்ன நடந்தது என்று வக்கீல் கேட்டார்.

“கொண்டு போனவங்கள். பேந்து அவனைக் காணேல்லை,” என்றார் அண்ணை.

யார், எங்கே, எப்போது என்று கேட்டதற்கும் அதையே திரும்பச் சொன்னார். திரும்பி வரும்போது மெற்றோ ரயிலில், இவ்வளவு கதை சொல்கிறவருக்குச் சொந்தக் கதை வரவில்லையே என்று பகிடி விட்டேன். விசாரணையிலும் அந்த இரண்டு வசனத்தை அவர் தாண்டவில்லையாம். விவரம் போதாது என்று வழக்கைத் தள்ளி, அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகுமுன் இதழ்ப் பெட்டியை என்னிடம் தந்தார்.

அந்தப் பனிமாரி முழுக்க ஒவ்வொன்றாக வாசித்தேன், கிணற்றுக் கதையைத் தேடி. அது இல்லை. இரண்டாம் முறையும் புரட்டினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அவருடைய தம்பியின் கதை. அவன் ஏறி வந்தது மட்டும்தான் அண்ணை சேர்த்தது. வக்கீலுக்குத் தொலைபேசி எடுத்தேன். இதை அவரே சொல்ல வேண்டும், அவர் எங்கே என்று கேட்டார். அண்ணை தந்துவிட்டுப் போன இலக்கத்தில் யாரும் எடுக்கவில்லை.

தொழிற்சாலையை எப்போதோ இடித்துவிட்டார்கள். அன்று எங்களோடு சாப்பிட்ட இருவரைச் சென்ற வருடம் பியர்பொன்ட்ஸில் ஒரு பிறந்தநாள் விழாவில் கண்டேன். அருளப்பு அண்ணையின் முகம் அவர்களுக்குச் சரியாக நினைவில்லை. சாரம் கட்டிய பிணம் நினைவிருக்கிறது. சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அது அவருடைய தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.