ஃபார்ம் அக்கா எழுதிய பரீட்சை

பதினேழு வருஷம் செய்த வேலையில் ஒருத்தி ஃபெயில் ஆக முடியுமா? ஆனாள். நூற்றுக்கு ஐம்பத்து நான்கு. அறுபது எடுத்தால்தான் பாஸ். கடைசிக் கேள்வியை முடித்துப் பொத்தானை அழுத்திய மறு நிமிஷமே திரையில் சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. அதுகூடப் பரவாயில்லை என்று விட்டிருப்பாள். கீழே பாடவாரியாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சந்தை எப்படி இயங்குகிறது என்பதில் நல்ல மார்க். வட்டிக் கணக்கில் நல்ல மார்க். 'வாடிக்கையாளர் கணக்கும் படிவங்களும்' என்ற பாடத்தில் மட்டும் இருபதுக்கு ஐந்து. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

அவளுக்கு அந்தப் பங்குத் தரகுக் கம்பெனியில் பெயரே ஃபார்ம் அக்கா. கணக்குத் திறக்கிற ஃபார்ம், முகவரி மாற்றுகிற ஃபார்ம், வாரிசு ஃபார்ம் என்று எது காணாமல் போனாலும் கிளை முழுக்க ஒரே குரல்தான்: "ஃபார்ம் அக்காவைக் கேளு." மூன்றாம் பக்கத்தில் எந்த மூலையில் கையெழுத்து வர வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளுக்குப் போய் ஃபார்ம் பாடத்தில் இருபதுக்கு ஐந்து. மீன்குஞ்சு நீச்சலில் ஃபெயில் ஆன கதைதான்.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர், கதவைத் திறந்ததும்.

"நாசமாப் போச்சு."

அவர் இடது கையால் அவள் பையை வாங்கிக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக். ஆறு மாதத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து வலது தோள் நொறுங்கிப் போனதிலிருந்து அரை நாள் வேலை, அரைச் சம்பளம். வீடு ஓடுவது அவளுடைய வருமானத்தில். அந்த வருமானம் இப்போது இந்தப் பரீட்சையில் தொங்கியது. லைசென்ஸ் இல்லாதவர்கள் இனி வாடிக்கையாளரின் படிவத்தைத் தொடக் கூடாது என்று புது விதி வந்துவிட்டது. நாற்பது நாளில் இரண்டாவது வாய்ப்பு. அதிலும் தவறினால் பணியில் தொடர இயலாது என்று கம்பெனி ஒரு கடிதம் கொடுத்திருந்தது. அதன் கடைசி வரியில் 'தங்கள் எதிர்கால முயற்சிகள் சிறக்க வாழ்த்துகள்' என்று வேறு. வாழ்த்துகிற வாயைப் பார்!

மறுநாள் கிளை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். அந்த ஆளுக்கு வாயைத் திறந்தால் டார்கெட், மூடினால் டார்கெட். அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயரும் டார்கெட் என்றே ஆகிவிட்டது. அவரும் அந்தப் பரீட்சையை எழுத வேண்டியவர்தான். எழுத வேண்டிய நாளில் அவருக்கு மட்டும் மீட்டிங் வந்துவிட்டது.

"என்னக்கா நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்க? ஃபார்ம்லயே ஃபெயிலா?" என்று சிரித்தார். "கவலைப்படாதீங்க. ஹெட் ஆபீஸ்லேர்ந்து கோச்சிங்குக்கு ஆள் வர்றார்."

வந்தார். இருபத்தாறு வயதிருக்கும். நானூறு கேள்விகளும் விடைகளும் அச்சடித்த கட்டை கிளையில் ஃபெயிலான மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

"புத்தகம் எல்லாம் வேண்டாம். நேர விரயம். இந்த நானூறுல எழுபது கேள்வியாவது வரும். தெரியலைன்னா நாலு விடையில நீளமா இருக்கறதைப் போடுங்க. பெரும்பாலும் அதுதான் சரி."

"நான் ஏன் தப்பாப் போட்டேன்னு தெரிஞ்சுக்கணுமே சார்," என்றாள் ஃபார்ம் அக்கா.

"அது எதுக்கு மேடம்? பாஸ் ஆனாப் போதாதா?"

போதாது. அவளுக்கு அது போதவில்லை. தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் திட்டு வாங்குவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. நானூறு கேள்விக் கட்டை மேசைக் கால் ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்துவிட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து எடுத்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். இப்போது அந்த ஏட்டுச் சுரைக்காயை வைத்துத்தான் வீட்டில் உலை கொதிக்க வேண்டியிருந்தது.

படிவப் பாடத்தின் இரண்டாம் பக்கத்திலேயே விஷயம் பிடிபட்டது. பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது: நிரப்பாத படிவத்தில் வாடிக்கையாளர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் ஊழியர் என்ன செய்ய வேண்டும்? 'மேலாளரிடம் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்' என்பதை அவள் யோசிக்காமல் அழுத்தியிருந்தாள். யோசிக்க என்ன இருக்கிறது, தினம் நடப்பதுதானே? புத்தகமோ, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றது. வாங்குவதே குற்றம் என்றது. அடுத்த கேள்வியும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். அவள் தெரியாமல் தப்பாக எழுதவில்லை. ஆபீஸில் தெரிந்துகொண்டதை அப்படியே எழுதித் தப்பாகியிருக்கிறாள். பதினைந்து மார்க்கும் அப்படிப் போனவை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் பூதம்தான். அவள் ஒரு நீள நோட்டு வாங்கினாள். இடது பக்கம் விதி. வலது பக்கம், அந்த விதியை ஆபீஸில் மிதிப்பவரின் பெயர். 'வாய்வழி ஆர்டரைப் பதிவு செய்ய வேண்டும்' என்பதற்கு எதிரே: டார்கெட், லிஃப்ட்டில் நின்றபடி ஆர்டர் வாங்குகிறார். 'வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை ஊழியர் வைத்திருக்கக் கூடாது' என்பதற்கு எதிரே: மூலை மேசைக்காரன், மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒன்பது பேருடையதை வரிசையாக வைத்திருக்கிறான். 'லாபத்துக்கு உத்தரவாதம் தரக் கூடாது' என்பதற்கு எதிரே: மறுபடியும் மூலை மேசைக்காரன், சத்தியமே செய்கிறான். வெற்றுப் படிவ விதிக்கு எதிரே கொட்டை எழுத்தில் 'டார்கெட்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். அவர்தானே அப்படி வாங்கச் சொன்னது?

இதைப்போல மனதில் ஏறுகிற படிப்பை அவள் கண்டதே இல்லை. விதியை மறந்தாலும் ஆள் முகம் மறக்காது. முகம் வந்தால் வயிறு எரியும். வயிறு எரிந்தால் விதி தானாக வரும். சாப்பாட்டு வேளையில் ஃபைல் அறைக்குள் போய், அலமாரிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். சந்தேகம் வந்தால் கையை நீட்டி ஒரு ஃபைலை உருவிப் பார்த்தால் போதும், உதாரணம் உள்ளேயே இருக்கும். சுவரில் 'வாடிக்கையாளர் நலனே நம் நலன்' என்று கம்பெனி மாட்டிய போர்டு. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். அவள் அந்தப் போர்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் கேள்வி கேட்பார். அவள் வெங்காயம் நறுக்கியபடி பதில் சொல்வாள். விதி வரும்போதெல்லாம் கத்தி பலகையில் கொஞ்சம் பலமாகவே விழும்.

"மெதுவா, மெதுவா. பலகை என்ன பாவம் பண்ணுச்சு? இவ்வளவு கோவத்துல படிச்சா மண்டையில ஏறுமா?"

"கோவம்தான் ஏறுது. வேற எப்படியும் ஏறல. அடுத்த கேள்வி கேளுங்க."

"படிவத்துல கையெழுத்து போடுற அதிகாரி எதுக்குப் பொறுப்பு?"

"வாடிக்கையாளர்கிட்ட நேர்ல பேசினேன், கேட்டேன், அவர் சொன்னதைத்தான் எழுதினேன், இந்த மூணுக்கும்."

"எங்க வேலையிலயும் அதேதான்," என்றார் அவர். "ஒரு லிஃப்ட்டுக்கு நான் கையெழுத்து போடணும்னா முதல்ல நான் ஏறிப் போய்ட்டு வரணும். ஏறாம போட்டா அது கிறுக்கல்."

"உங்களை யாரு இப்ப கேட்டா? அடுத்தது."

நாற்பதாவது நாள் போனாள், எழுதினாள். எண்பத்தெட்டு. படிவப் பாடத்தில் இருபதுக்கு இருபது. தேர்வு மையத்தின் வாசலிலிருந்து வீட்டுக்கு ஃபோன் போட்டு நம்பரைச் சொன்னதும் அவர் அங்கே ஓவென்று கத்தினார். அவளுக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. நடைபாதை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள். ஆனால் அந்த அழுகையிலும் கோபம் இருந்தது.

கிளையில் மற்ற இரண்டு பேரும் மறுபடி தவறியிருந்தார்கள். நீளமான விடை அவர்களைக் கைவிட்டுவிட்டது. டார்கெட்டுக்கு இரண்டாவது தடவையும் மீட்டிங். ஆக, கிளையிலேயே ஒரே ஒரு லைசென்ஸ், அவளுடையது.

திங்கட்கிழமை அவளுடைய பதிவு எண் வந்தது. டார்கெட் எல்லாரையும் கைதட்ட வைத்தார். தட்டி முடித்ததும் ஒரு கட்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். நாற்பத்து மூன்று படிவங்கள். எல்லாம் நிரப்பித் தயாராக இருந்தன. கடைசிப் பக்கத்தில் அதிகாரியின் கையெழுத்தும் எண்ணும் மட்டும் காலி.

"சாயங்காலத்துக்குள்ள போட்டுடுங்கக்கா. மேல அனுப்பணும்."

"இவங்ககிட்ட நான் பேசலையே சார்."

"நம்ம மூலை மேசைப் பையன் பேசிட்டான்."

"அவனுக்கு லைசென்ஸ் இல்லையே."

"அதனாலதானே உங்களைக் கேக்கறோம்?" என்றார், சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல.

நாற்பது நாள் வயிறெரிந்து படித்தது, இவர்கள் எல்லாருடைய தப்புக்கும் தன் பெயரை வாடகைக்கு விடவா? மேலே இருந்த படிவத்தை எடுத்தாள். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டருடையது. பதினைந்து வருஷமாகக் கிளைக்கு வந்துபோகிற மனிதர். கையெழுத்தே ஒரு படம் மாதிரி இருக்கும். அவருக்கு ஆபத்தான பங்குகளில் நல்ல அனுபவம் உண்டு என்று டிக். இந்தப் பணம் எப்போது தேவைப்படும் என்ற கேள்விக்குப் பத்து வருஷம் கழித்து என்று டிக். மாஸ்டருக்கு வயது எழுபத்தாறு. அவள் டார்கெட் பார்க்கப் பார்க்கவே ஃபோனை எடுத்து எண்களை அழுத்தினாள்.

"சார், நான் ஃபார்ம் அக்கா பேசறேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போட்டீங்களே?"

"போட்டேன்மா. ஏன், சரியில்லையா?"

"நீங்க போட்டப்ப அதுல டிக் எல்லாம் போட்டிருந்துச்சா?"

"வெறும் தாள்தான்மா. நீங்கதானே சொன்னீங்க, கையெழுத்து மட்டும் போடுங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கறோம்னு. ஃபேனுக்குக் கீழ உக்காத்தி வெச்சு, தண்ணிகூடக் குடுத்தீங்களே."

சொன்னாள்தான். அவரிடம் மட்டுமா? அந்தக் கட்டில் பாதிப் பேரிடமாவது இதே வார்த்தையை, இதே சிரிப்போடு சொல்லியிருப்பாள். சிரித்துப் பேசினால் ஜனங்கள் போட்டுவிட்டுப் போவார்கள், வேலை முடியும். நோட்டு முழுக்க அடுத்தவர் பெயராக எழுதித் தள்ளியவள், தன் பெயரை எந்த விதிக்கு எதிரேயும் எழுதவில்லை. டார்கெட் சொல்லத்தான் சொன்னார். கையை நீட்டி வாங்கியது அவள்தான். இத்தனை நாள் ஊர் மேல் இருந்த கோபம் மொத்தமும் திரும்பி அவள் மேலேயே வந்து விழுந்தது. எங்கே கொண்டுபோய் வைப்பது அதை?

"ஆமா சார். நான்தான் சொன்னேன்," என்றாள். "அது தப்பு சார். அப்படி வாங்கியிருக்கக் கூடாது. இப்ப முதல்லேர்ந்து கேக்கறேன், நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதறேன். இந்தப் பணம் உங்களுக்கு எப்பத் தேவைப்படும்?"

"இதுவா? மூணு மாசத்துல வேணும்மா. வீட்டுல அவளுக்கு ரெண்டு முட்டியும் மாத்தியாகணும்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குன்னுதான் வெச்சிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஏம்மா, இத்தனை வருஷத்துல இதை யாரும் என்கிட்ட கேட்டதே இல்லையே?" என்றார்.

டார்கெட் கையை நீட்டி ஃபோன் இணைப்பைத் துண்டித்தார். முகம் கறுத்திருந்தது.

"பரீட்சைக்குப் பணம் கட்டினது கம்பெனி. ஞாபகம் இருக்கட்டும். இதுல ஒரு தாள் திரும்பிப் போனாலும் நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

பயம் வந்தது. வீட்டில் ஒரு தோள் ஏற்கெனவே உடைந்திருக்கிறது. நாளைக்கு வர வேண்டாம் என்றால் அடுத்த மாதம் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மாஸ்டரின் படிவத்தைக் குறுக்கே கிழித்து மேசையில் வைத்தாள். அலமாரியிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து முன்னால் விரித்தாள்.

"பணம் கம்பெனி கட்டுச்சு சார். பேரு என்னுது," என்றாள். மறுபடி எண்களை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே மாஸ்டர் எடுத்துவிட்டார்.

"கட்டாயிடுச்சு சார். சொல்லுங்க, மூணு மாசம்னு எழுதிட்டேன். அடுத்த கேள்வி. இந்தப் பணம் குறைஞ்சு போச்சுன்னா உங்களால தாங்க முடியுமா?"