பம்புக்கு வந்த குரோம் தோல்

எங்கள் தெருமுனைப் பம்பைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பம்பாம். வேலூர் முழுக்கத் தேடினாலும் இந்த மாதிரி இரண்டு மூன்றுதான் மிச்சமாம். ஒன்றில் மாடு கட்டுகிறார்கள். இன்னொன்று ஒரு கடை வாசலில் இடுப்பளவு சிமெண்டில் புதைந்து நிற்கிறது. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே பம்பு எங்களுடையதுதான். கொடுத்துக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

ஆள் உயரத்துக்கு வார்ப்பிரும்பு. வளைந்த நீளக் கைப்பிடி. உடம்பில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து, தேய்ந்துபோய் யாராலும் படிக்க முடியாது. நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோதே அது கிழம். மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி நாலு தடவை வெறும் காற்றை அடித்தால்தான் இருமிக்கொண்டே தண்ணீரைக் கக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் இருக்கிறதே, அது தேன். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அத்தனை உப்பு. சோப்புப் போட்டால் நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற அன்றைக்குத் தெருவே திருவிழாவாகிவிடும். வருவது குடிக்கவும் உலை வைக்கவுமே சரியாகப் போய்விடும்.

எனக்கு அந்தப் பம்புத் தண்ணீர் வேண்டியிருந்தது என் வீட்டுக்காரருடைய கைகளுக்காக. அந்த மனுஷன் தோல் பதனிடும் டேனரியில், தோல் ஊறிச் சுழலும் டிரம் பக்கத்திலேயே வாழ்க்கையை ஓட்டியவர். ஈரத் தோலைத் தூக்கித் தூக்கி, கையுறை கொடுத்தாலும் "அது இருந்தா புடி வரல" என்று கழற்றிப் போட்டுவிட்டு வேலை பார்த்தவர். கடைசியில் கை இரண்டும் வெடித்து, விரல் மடக்கினால் ரத்தம் கசிகிற நிலைமைக்கு வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, தோல் பதம் பண்ணுகிற குரோம் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் அந்தப் பக்கமே போகக்கூடாது, உப்புத் தண்ணீரும் படக்கூடாது என்றார். போர் தண்ணீரில் கை கழுவினால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். பம்புத் தண்ணீரில் கழுவினால் எரிச்சல் இல்லை. அதனால் நான் ஷூ கம்பெனி வேன் வருவதற்குள் தினமும் காலையில் இரண்டு குடம் அடித்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். கேன் தண்ணீரில் கை கால் கழுவ நாங்கள் என்ன ஜமீன் பரம்பரையா?

போன கோடையில் பம்பு சோர்ந்துபோனது. எத்தனை அடித்தாலும் ஒரு டம்ளர்தான் வந்தது. உள்ளே தண்ணீரை இழுத்துப் பிடிக்கிற தோல் வாஷர் கிழிந்துவிட்டது என்று தெருவில் எல்லோருக்குமே தெரிந்தது. நான் அன்றைக்கே சொன்னேன்.

"பைப் கடையில போயி ரெடிமேடா ஒரு வாஷர் வாங்கியாந்து போடுய்யா. வேலை முடிஞ்சிது."

"இன்னாடி பேசற? தோல்லயே பொழைச்சவன் தோல் வாஷரைக் கடையில போயி வாங்குவானா? நாலு பேர் சிரிக்க மாட்டான்?"

இதுதான் எங்கள் ஊர்க்காரர்களிடம் இருக்கிற வியாதி. தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் தோல் வேலை. ஞாயிற்றுக்கிழமை பம்பைச் சுற்றி ஒரு மாநாடே நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எருமைத் தோல்தான் தாங்கும் என்றார். அவருடைய மச்சான், தோலின் வழவழப்புப் பக்கம் வெளியே இருக்க வேண்டுமா உள்ளே இருக்க வேண்டுமா என்று அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினார். எதிர்வீட்டு பாய் தோல் வியாபாரி. "மரப்பட்டை போட்டு ஊற வெச்ச தோலுதான் தண்ணிக்குச் சரி. குரோம் தோலு வேணாம்ப்பா, பேஜாரு" என்று பொறுமையாகச் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தான் ஆயுசு முழுக்கப் பதம் பண்ணிய தோலை ஒருத்தர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்!

மறுநாளே பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே டேனரியில் இருக்கிற பழைய தோஸ்த்திடம் கேட்டு ஒரு துண்டு வாங்கி, பேப்பரில் சுற்றி, நகை வாங்கியவர் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நல்ல காபிக்கொட்டை நிறம். வெளிநாட்டுக்குப் போகிற சரக்காம். "தொட்டுப் பாருடி, தொட்டுப் பாரு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். எந்தத் தோலைத் தொடக்கூடாது என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாரோ அதையே வெடித்த கையால் தடவிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். என் கத்தலை இந்த மனுஷன் எப்போது காதில் வாங்கியிருக்கிறார்?

வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, டம்ளரில் கவிழ்த்துக் கிண்ணம் மாதிரி ஆக்கி, பம்பைப் பிரித்து மாட்டினார். பொய் சொல்லக்கூடாது, தண்ணீர் கொட்டியது பாருங்கள், குடம் கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்தது. தெருவே கை தட்டியது. பாய் கூட "ஷபாஷ்" என்றார். என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நான் போய் அடித்தேன். குடத்தில் டிகாக்‌ஷன் விழுந்தது.

ராத்திரி முழுக்க ஊறிய தோல் சாயத்தைக் கக்கியிருந்தது. எங்கள் தெருக்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. "சாயம் போவுதுக்கா, நாலு நாள் அடிச்சா தெளிஞ்சிடும்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் மாடி வீட்டுக்கு வெளியூரிலிருந்து புதிதாகக் குடிவந்திருந்த தம்பிக்கு அது எப்படித் தெரியும்? அவர் அந்தத் தண்ணீரையும் பம்பையும் போட்டோ எடுத்து, டேனரிக் கழிவு நம் தெரு நிலத்தடி நீருக்கும் வந்துவிட்டது என்று வார்டு குரூப்பில் போட்டுவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பாலாற்று ஓரத்தில் தண்ணீர் நிறம் மாறினால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். இருந்தாலும் ஒரு வார்த்தை கீழே இறங்கிவந்து எங்களிடம் கேட்டிருக்கலாம் இல்லையா?

பத்து மணிக்கெல்லாம் கார்ப்பரேஷன் ஜீப் வந்தது. நான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நின்றேன். அதிகாரி நல்ல மனிதர்தான், கத்தவில்லை. "புது வாஷர் போட்டோம் சார், அந்தச் சாயம்தான்" என்று நான் சொன்னதும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அதற்குள் என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சாதாரண வாஷர்னு நெனைச்சிக்காதீங்க சார். ஃபர்ஸ்ட் குவாலிட்டி குரோம் லெதர் சார்!"

ஐயோ! அந்த இடத்திலேயே நான் பூமிக்குள் போயிருக்கக் கூடாதா? இந்த ஜில்லாவில் குடிதண்ணீர் பக்கத்தில் நின்றுகொண்டு, அதிகாரி முகத்துக்கு நேராக, ஆற்றையே கெடுத்த குரோம் என்ற வார்த்தையை யாராவது சொல்வானா? அதையும் பெருமையாகச் சொல்வானா? அதிகாரியின் முகம் மாறியது. பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். ரிசல்ட் வரும்வரை யாரும் அடிக்கக்கூடாது என்று கைப்பிடியைக் கழற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

"நீ வாயை மூடிக்கினு இருந்தா இன்னாய்யா கொறைஞ்சி போயிடும்?" என்றேன்.

"நல்ல தோலை நல்ல தோலுன்னு சொல்றது தப்பா?" என்றார்.

நான் ஓயவில்லை. ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் ரிசல்ட் வந்தது. பயப்படும்படி எதுவும் இல்லை என்றார்கள். அதற்குள் வேறொரு கூத்து நடந்துவிட்டது. குரூப்பில் போன போட்டோவைப் பார்த்து, பழைய சின்னங்களைக் காப்பாற்றுகிற கூட்டம் ஒன்று தேடிக்கொண்டு வந்துவிட்டது. பம்பைச் சுரண்டிக் கழுவினார்கள். பச்சை பெயிண்ட் அடித்தார்கள், தேய்ந்த எழுத்துக்குத் தங்க நிறம் பூசினார்கள், கீழே டைல்ஸ் ஒட்டி, சுற்றிச் சங்கிலி போட்டு, தொடாதீர்கள் என்று போர்டும் வைத்தார்கள். கைப்பிடியையும் ஆபீஸிலிருந்து அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"எல்லாம் சரி தம்பி, கைப்பிடியை எப்போ மாட்டுவீங்க?" என்று அவர்களில் பெரியவர் மாதிரி இருந்தவரைக் கேட்டேன்.

"கைப்பிடி போட்டா எல்லாரும் அடிப்பாங்கம்மா. அடிச்சா தேஞ்சி போயிடும். இது நம்ம பாரம்பரியம் இல்லியா?"

தண்ணீர் கொடுக்கிற பம்பைத் தண்ணீர் கொடுக்க விடாமல் காப்பாற்றுகிறவர்களிடம் என்னத்தைப் பேசுவது? பேசிப் பார்த்தேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். பாவம்மா என்றார்கள், நல்ல ஆயின்மென்ட் பெயர் ஒன்று சொன்னார்கள். அன்றிலிருந்து அவருக்கு மறுபடியும் போர் தண்ணீர்தான். எரிகிறதா என்று கேட்டால் இல்லை என்பார். கதவைச் சாத்திக்கொண்டு கழுவுவார். உள்ளிருந்து இழுத்து இழுத்து மூச்சு விடுவது எனக்குக் கேட்காது என்று நினைப்பு. ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவர்மேலா, பம்புமேலா, இந்த ஊர் தண்ணீரை இப்படி ஆக்கி வைத்தவர்கள்மேலா என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய இடங்களைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் கும்பலாக வருகிறார்கள். போன வாரம் வந்த கும்பலில் கேமரா வைத்திருந்த ஒரு பெண், வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டது.

"அங்கிள், சும்மா பம்பு அடிக்கிற மாதிரி ஒரு போஸ் குடுங்களேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு, இதில் தண்ணீர் அடித்துக் காட்டுங்கள் என்று கேட்கக் காலி வாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அதற்குள் இவர் சங்கிலியைத் தாண்டிப் போய், இல்லாத கைப்பிடியைப் பிடித்து, மேலும் கீழுமாக வெறும் காற்றை அடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். வெயில் ஜாஸ்தி என்று அந்தப் பெண் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் கொடுத்தது.

அவர் குடிக்கவில்லை. மூடியைத் திருகி, அந்த டைல்ஸ் மேலேயே நின்று, தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு விரலாக, வெடிப்புக்குள்ளே போகும்படி ஊற்றித் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். கடைசிச் சொட்டுவரை ஊற்றி முடித்துவிட்டுக் கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தது.

அந்தக் கும்பலை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வாயில் வார்த்தை எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன்.

"இன்னொரு பாட்டில் இருக்குதாம்மா?" என்று கேட்டேன்.