இளைத்த குற்றம்

எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எங்கள் ஊர் செய்த முதல் காரியம் ஹார்லிக்ஸ் வாங்கியதுதான். சென்னையில் இடது மார்பை எடுத்துவிட்டு ஏற்காட்டுக்குத் திரும்பினேன். தையல் காய்வதற்குள் வீட்டு அலமாரியில் பாட்டில் வைக்க இடமில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் சேலத்திலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்தார். என் வியாதியால் பலன் கண்டவர் அவர் ஒருவர்தான்.

பார்க்க வந்தவர்கள் வலிக்கிறதா என்று கேட்டதில்லை. என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்டார்கள். இதில் தலைமைப் பொறுப்பு என் நாத்தனாருக்கு. என் கணவரின் அக்கா. வீடு சேலத்தில், ஆனால் என் ஆபரேஷனுக்குப் பிறகு குடித்தனம் எங்கள் சமையலறையில். எழுந்தால் தையல் விட்டுவிடும் என்று படுக்க வைப்பார். படுத்தால் ஆட்டுக்கால் சூப்போடு வந்து, "ஒரே ஒரு வாய் கண்ணு" என்று உட்கார வைப்பார். ஒரு வருஷத்தில் என் ரவிக்கை ஒன்றும் எனக்குச் சேரவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இடது கை தோளுக்கு மேல் போகாது. ஆனால் கன்னம் உப்பியிருந்தது. நொம்ப நல்லாத் தேறிட்டீங்க என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

சந்தோஷப்படாத ஒரே ஆள் சென்னை டாக்டரம்மா. மறுபரிசோதனைக்குப் போனபோது எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தவர், நாங்கள் எடுத்ததைவிட நீங்கள் சேர்த்துக்கொண்டு வந்ததுதான் அதிகம் என்றார். நடக்க வேண்டும், எடை குறைய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். கைக்கு ஒரு பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு ஊர்வதுபோல மேலே மேலே நகர்த்த வேண்டும். வீட்டுக்கு வந்து அதைச் செய்தபோது நாத்தனார் என்னைப் பார்த்ததைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தார். வெள்ளையடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

என் கணவர் எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதும் ரைட்டர். அதிகம் பேசமாட்டார். சேலத்துக்குப் போனபோது வெள்ளை கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். அதோடு எஸ்டேட் ஸ்டோரில் காப்பி மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏற்றி நிறுத்தினார். காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஐம்பது கிலோ மூட்டைக் கணக்கில் நான் ஒன்றரை மூட்டை என்று தீர்ப்பானது.

நடக்க ஆரம்பித்தேன். எங்கள் மலையில் பெண்கள் நடக்காதவர்கள் அல்ல. விறகுக் கட்டோடு நடப்பார்கள், பலாப்பழத்தோடு நடப்பார்கள், இடுப்பில் பிள்ளையோடு நடப்பார்கள். கையை வீசிக்கொண்டு சும்மா நடக்கிற பெண்ணை மட்டும் யாரும் பார்த்ததில்லை. அதனால் நான் பஸ்ஸைத் தவறவிட்டவள் என்று முடிவு கட்டினார்கள். கை காட்டாமலே பஸ் நின்றது. எஸ்டேட் ஜீப் நின்றது. செம்மநத்தம் போகும் குறுகலான ரோட்டில் என்னைத் தாண்டிப்போன காய்கறி லாரி ஒன்று எனக்காக ரிவர்ஸில் வந்தது. எங்கீங்க போகணும் என்பார்கள். எங்கயும் இல்லீங்க, சும்மா நடக்கறேன் என்பேன். கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். நோய் தலைக்கு ஏறிவிட்டது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அடுத்த மழைக்காலத்துக்குள் இளைத்தேன். இளைத்ததும் ஹார்லிக்ஸ் திரும்ப வர ஆரம்பித்தது. ஊரின் கணக்கு எளிமையானது. புற்றுநோய்க்காரி குண்டாக இருந்தால் பிழைத்துக்கொண்டாள், மெலிந்தால் மறுபடியும் வந்துவிட்டது. நான் உடற்பயிற்சி என்று சொன்னால், வருத்தத்தோடு தலையாட்டினார்கள். பாவம், மறைக்கிறாள்.

இவர்களைக் கேலி செய்கிறேனே, எனக்கு மட்டும் என்ன தைரியம் வாழ்ந்தது? ரவிக்கை தொளதொளத்த அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்றதும் துருத்திய கழுத்தெலும்பைத் தடவிப் பார்த்தேன். நடந்து இளைத்தேனா, உள்ளே எதுவோ தின்று இளைத்தேனா? டாக்டரம்மா ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருந்தார். ஊரே ஒரு பக்கம் நின்று தலையாட்டும்போது ஒரு டாக்டரம்மாவை எவ்வளவு நேரம் நம்ப முடியும்?

அந்த நிலையில்தான் நாத்தனார் மாப்பிள்ளை கொண்டுவந்தார். குப்பனூர்க் குடும்பம், மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு இருந்தது. எனக்கும் அப்பா கொடுத்த காப்பித் தோட்டம் ஒன்று உண்டு. என் மகள் அப்போது சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடியட்டும் என்றேன். நாத்தனார் என்னிடம் பேசவில்லை, என் கணவரைக் கூப்பிட்டுப் பேசினார். தாய்க்காரி போய்ச் சேர்ந்துவிட்டால் வருஷம் திரும்பும்வரை வீட்டில் நல்ல காரியம் கிடையாது, தை மாதத்தில் முடித்தால் கண்ணால் பார்த்துவிட்டாவது போவாள் என்றார். நான் பக்கத்து அறையில் நின்று சுவரில் விரலை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் மகள் வந்தாள். நானும் அவளும் சேர்ந்து மறுப்போம் என்று நினைத்திருந்தேன். அவள் என் கழுத்தெலும்பைப் பார்த்தாள்.

"நீ பாக்கணும்னா நான் கட்டிக்கறேம்மா" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. என் சாவை எனக்கு முன்னால் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், நான் பெற்றவள் உட்பட. அழுதேன். அதையும் வலி என்று எடுத்துக்கொண்டு சூப் கொண்டுவந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பெண்ணை அல்ல, என்னை. அன்று காலை போர்த்திக்கொண்டு படுத்திரு என்று நாத்தனார் சொன்னார். நான் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழக்கத்தைவிட வேகமாக நடந்தேன். திரும்பி வந்தபோது முகமெல்லாம் வேர்வை, அகோரப் பசி. கூடத்தில் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆப்பிள் பை, ஹார்லிக்ஸ். நான் தட்டில் நாலு இட்லி வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, ஊட்டுக்கார அம்மா படுத்திருக்காங்கன்னு சொன்னாங்க. எந்த ரூமுங்க?"

"நாந்தானுங்க அது."

அவர் என் ஷூவைப் பார்த்தார், இட்லியைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார். தினமும் செம்மநத்தம் ரோட்டில் நடக்கிறேன், டாக்டரம்மா சொல்லித்தான் எடையைக் குறைத்தேன் என்று நானே விளக்கினேன். இரண்டாவது முறை சட்னி போட்டுக்கொண்டேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, காப்பித் தோட்டம் உங்க அப்பா கொடுத்ததுங்களா என்றார். ஆமாம் என்றேன். மகள் ஒரே வாரிசு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அப்ப அது இன்னும் உங்க பேர்லதானுங்களா?"

"நான் இருக்கறவரைக்கும் எம்பேர்லதானுங்க. இருக்கறதாத்தான் உத்தேசம்."

அதற்குப் பிறகு பேச்சு மழையைப் பற்றிப் போனது. மதிய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். நாத்தனாரிடம் தை மாதமே வேண்டும் என்று நின்றவர், வாசலில், பொண்ணு நல்லாப் படிக்கட்டுங்க, என்ன அவசரம் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.  ஒரே ஒரு நாள் படுத்துக் கிடந்திருக்கக் கூடாதா என்று சாயங்காலம் நாத்தனார் கேட்டார். படுக்கிற நாள் வந்தால் சொல்லியனுப்புகிறேன் என்றேன்.

குப்பனூர் அம்மாள் போன பிறகுதான் கவனித்தேன், ஆப்பிள் பையும் இல்லை, ஹார்லிக்ஸும் இல்லை. மறதியாக எடுத்துப்போயிருப்பார் என்று என் கணவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். மறுநாள் காலை நடை முடிந்து வரும்போது கடைக்கார பாய் என்னைக் கூப்பிட்டார்.

"குப்பனூர் அம்மா ஹார்லிக்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. சீல் உடைக்கல, நானும் எடுத்துக்கிட்டேங்க. அந்த ஊட்ல நோயாளியே இல்லீங்கன்னு சொன்னாங்க."

ரோட்டில் நின்று சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. டாக்டரம்மா எத்தனையோ முறை சொல்லியும் எனக்குள் இறங்காதது அப்போதுதான் இறங்கியது. அந்த அம்மாளுக்கு என்னிடம் பாசமும் இல்லை, பரிதாபமும் இல்லை. நான் சாவேன் என்று ஒரு சின்ன நம்பிக்கை இருந்திருந்தால்கூட அந்த பாட்டிலை விட்டுவிட்டுப் போயிருப்பார்.